வேலியில் மூன்றடி

— அக்கா, இது மூணாவது தடவை. மூணு தடவையும் நான்தான் நட்டேன், இதே கையால. வேலி பூரா நூத்தி இருவது மருதாணி நிக்குது. இந்த மூணடில மட்டும் எப்படிக்கா கருகும்?

— நான் என்னத்தக் கண்டேன் தம்பி. கரையான் கிரையான் இருக்கும்.

— கரையான்னா பக்கத்துச் செடிக்கும் தாவும்லா? அதப் பாருங்க, கருகருன்னு நிக்குது. போன தடவ வேப்பம்புண்ணாக்கு போட்டேன். அதுக்கு முந்தி பூச்சிப்பொடி போட்டேன். எந்தக் கரையான் அதுக்குமேல உசுரோட இருக்கும், பாத்துக்கிடுங்க.

— அப்ப ஆடா இருக்கும். புதூர்ப் பக்கத்து ஆளுக இந்த வழியாத்தான் ஆட்டப் பத்திக்கிட்டுப் போறாங்க.

— ஆடு கடிச்சா கொப்பு போகும். வேர் எப்படிப் போகும்?

— மண்ணு சரியில்லையோ என்னவோ. கரிசல்தானே. கோடைக்குப் பாளம் பாளமா வெடிக்கி. உள்ள வேர் அந்து போயிருக்கும்.

— வேலி பூராவும் கரிசல்தான அக்கா. வெடிச்சா எல்லாத்துக்கும்தான் வெடிக்கும். உங்க செடிக்கு மட்டும் தனியா வெடிக்குமா?

— நான் என்னத்தக் கண்டேன். மோர் தரட்டுமா தம்பி? வெயில்ல சைக்கிள மிதிச்சிக்கிட்டு வந்திருக்கீங்க.

— மோர் இருக்கட்டும். உங்க வீட்டுக்கார அண்ணாச்சி நேத்து நம்ம நர்சரிக்கே வந்துட்டாவ. கார விட்டு எறங்கக்கூட இல்ல. ‘ஏலே செல்லத்துரை, ஆளுயரத்துக்கு வேலி கேட்டேன், நீ பல்லு விழுந்த வாய் மாதிரி போட்டு வச்சிருக்கே’ன்னாவ. தென்னங்கன்னு வாங்க வந்தவங்க நாலு பேர் நிக்காங்க. அவங்க முன்னால, ‘உன் கையில நஞ்சு இருக்குலே’ன்னுட்டாவ.

— அவிய பேச்சு அப்படித்தான். மனசுல வச்சிக்கிடாதீங்க.

— வச்சிக்கிடாம எப்படிக்கா? செல்லத்துரை கைராசிக்காரன்னுதான கடம்பூர்லருந்தும் மணியாச்சிலருந்தும் பஸ் ஏறி வந்து நாத்து வாங்குதாங்க. நஞ்சுன்னு ஒரு சொல்லு கெளம்புச்சுன்னா அது நிக்குமா? அந்த நாலு பேர்ல ஒருத்தர் கன்ன வாங்காமயே போயிட்டாரு. ‘பெறகு வாரேன்’னாரு. கண்ணப் பாக்காம சொன்னாரு, பாத்துக்கிடுங்க.

— ஐயோ.

— இன்னும் இருக்கு. மில்லு மானேஜர் பங்களாவுல தோட்டம் போடுத வேலைய எனக்கு வாங்கித் தந்ததே அண்ணாச்சிதான். இந்த வாரத்துக்குள்ள ஓட்டை அடைபடலன்னா, மானேஜர்ட்டச் சொல்லி நிறுத்திப்புடுவேன்னுட்டாவ. அதான் மம்பட்டியோட வந்திருக்கேன். அடியோட தோண்டிப் பாத்துருவோம்.

— தோண்டவா? வேண்டாம் தம்பி. இன்னொரு நாளைக்குப் பாப்போம்.

— ரெண்டே வெட்டு அக்கா.

— அங்கன பாம்பு கெடக்கும்.

— கெடந்தா வெளிய வரட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ம்... இது என்னது? மேல்மண்ணு பாலாடை மாதிரி உரிஞ்சு வருது. இங்கன பாருங்க, வெள்ளையா, காஞ்ச பசையாட்டம். மோந்து பாத்தா... அக்கா, இது சோத்துக் கஞ்சி.

— மண்ண மூடிருங்க தம்பி.

— வேரைப் பாருங்க. காஞ்ச வேர் இல்ல, அவிஞ்ச வேர். விரலால உருவுனா தோல் கழண்டு வருது. கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கு. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. வீட்ல வேலைக்காரி யாரும் உண்டுமா?

— இல்ல.

— அப்பச் சோறு வடிக்கிறது?

— நான்தான்.

— உங்க ஒருத்தருக்கு வடிச்சா இவ்வளவு கஞ்சியா வரும்?

— ஒருத்திக்கு ஒரு உழக்கு போதும். கஞ்சி காணாதுன்னு ரெண்டு உழக்கு போட்டேன். மிச்சச் சோத்தக் காக்காய்க்கு வச்சேன்.

— ஏங்க்கா? நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?

— உங்களுக்குன்னு செய்யல தம்பி. சத்தியமா உங்க பேரு கெடும்னு எனக்குத் தோணவே இல்ல. செடிதான சாவுதுன்னு நெனச்சேன்.

— செடி செத்தா எம்பேருதானக்கா சாவுது.

— இப்பத் தெரியுது. சொல்லுங்க, வையணும்னா வையுங்க.

— வைய வரல. வேலி வேண்டாம்னா அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?

— அவியகிட்டயா? மாசத்துக்கு ஒருநாள் வாராவ. அரிசி மூட்டைய எறக்கிப் போடுதாவ. புளி, வத்தல், எண்ணெய் எல்லாம் குறையில்லாம வரும். வாசல் கேட்டுக்கிட்ட நின்னு வேலிய ஒரு பார்வை பாக்காவ. ‘அங்கன ஏன் ஓட்டை?’ங்காவ. போயிருதாவ. அவிய கண்ணுக்கு வேலில ஓட்டை தெரியுது. நான் பாதியா மெலிஞ்சிட்டேன், அது தெரியல.

— பருத்தி யாவாரத்துக்கு அலையுதாவ போலன்னுலா நான் நெனச்சேன். மாசத்துக்கு ஒருநாள்னா... எங்க இருக்காவ?

— தெரியாத மாதிரிக் கேக்குதீங்களே. சாத்தூர்ல. அங்க ஒருத்தியக் கட்டியிருக்காவ. பையன் பொறந்து ரெண்டு வயசாவுது.

— எனக்குத் தெரியாதுக்கா.

— மரியாதைக்குச் சொல்லுதீங்க. ஊருக்கே தெரியும். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருசம், வயித்துல ஒண்ணும் தங்கல. எமர்ஜென்சி நேரத்துல, பெர்மிட்டு சிமெண்ட்டு வாங்கி, ஊருக்கு வெளிய இந்த வீட்டக் கட்டுனாவ. ‘வேலுத்தாயி, உனக்குத்தான்’னாவ. நானும் கூட நின்னு கல்லுக்கெல்லாம் தண்ணி ஊத்துனேன், என் வீடுன்னு. பால் காய்ச்சின மறுமாசம் வெளங்கிப்போச்சு.

— அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே?

— புதூருக்கு மேக்க நாகலாபுரம் போற வழிதான் ஊரு. ஆத்தா இல்ல. அண்ணன் இருக்கான். ஒரு தடவ போனேன். மதினி நல்லாத்தான் கவனிச்சா. காப்பித் தம்ளரக் கையில குடுத்துக்கிட்டே, ‘எப்பப் பயணம்?’னா.

— ம்.

— அதுக்கப்புறம் கேட்டத் தாண்டுனதில்ல. மூணு வருசமாச்சு. பால்காரன் கேட்டு மேலயே போணிய வச்சிட்டு மணிய அடிச்சிட்டுப் போயிருவான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்க? போறவ வாரவ எல்லாம் பாப்பா. ‘அந்தா நிக்கா பாரு, புருசன் விட்டுட்டுப் போனவ’ன்னு பேசுவா. அவிய வேலி போடணும்னப்ப எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு. நீங்க மொதமொத வந்து கயிறு புடிச்சு நட்டீங்களே, நான்தான் செம்புல தண்ணி கொண்டாந்து ஊத்துனேன்.

— ஞாபகம் இருக்குக்கா. ‘எப்பத் தம்பி வளரும்?’னு கேட்டீங்க.

— கேட்டேன். வளந்த பெறகுதான் தெரிஞ்சுது.

— என்னத்த?

— சிரிக்க மாட்டீங்களே?

— சிரிக்க மாட்டேன்.

— செடி சின்னதா இருந்தப்ப, அந்தச் சன்னல்ல உக்காந்தா ரோடு தெரியும். பகல் பூரா பருத்தி வண்டி போவும், பஸ் போவும். சாயங்காலம் அஞ்சரைக்கு தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பொம்பளைக வருவாளுக. பன்னெண்டு பேரு. தூக்குச்சட்டிய ஆட்டிக்கிட்டு. ஒருத்தி காலத் தேச்சுத் தேச்சு நடப்பா. ஒருத்தி புதுசா கல்யாணமானவ, மொகத்துல மஞ்சள் அப்படியே இருக்கும். ஒருத்தி மாசமா இருந்தா, ரெண்டு மாசம் காணல, பெறகு வயிறு ஒட்டி வந்தா. பிள்ள ஆணா பொண்ணான்னு எனக்குத் தெரியல. யார்கிட்டக் கேக்க?

— சரி.

— எல்லாருக்கும் முன்னால ஒருத்தி வருவா. ஒசரமா, கறுப்பா, வேகமா நடப்பா. இந்த வளைவு திரும்புனதும் நேரா இந்த வீட்டப் பாத்துக் கைய ஒசத்துவா. ஒருநாள் தவறுனதில்ல தம்பி. மொத நாளு எனக்கு ஒண்ணும் வெளங்கல. யாருக்குக் காட்டுதான்னு பின்னால திரும்பிப் பாத்தேன். வீட்ல வேற யாரு இருக்கா?

— யாரு அவ?

— தெரியாது.

— பேரு?

— அதுவும் தெரியாது. நானாச் சொர்ணம்னு ஒரு பேர வச்சிக்கிட்டேன். கூப்புட வேணும்லா.

— நீங்க பதிலுக்குக் கை காட்டுவீங்களா?

— காட்டுவேன். சன்னலுக்கு உள்ள இருந்துதான். அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. மத்தவளுக கேலி பேசுவாளுக தம்பி, எனக்குத் தெரியும். ‘மலடி வீடு’ம்பாளுக. அவ மட்டும் அதக் காதுல வாங்காம, பாவம் ஒருத்தி உள்ள கெடக்கான்னு எனக்காக் கை காட்டிட்டுப் போறா. அத நெனச்சிக்கிட்டேதான் மறுநாள் எந்திரிப்பேன். அடுப்பப் பத்தவைப்பேன்.

— ம்.

— போன தை மாசம் உங்க வேலி சன்னலுக்கு மேல ஏறிருச்சு. அஞ்சரைக்குச் சத்தம் மட்டும் கேக்கும். சிரிப்பாளுக. எதுக்குச் சிரிக்காளுகன்னு தெரியாது. ஆளப் பாக்காமச் சிரிப்ப மட்டும் கேட்டா, நம்மளப் பத்தித்தான்னு தோணுது தம்பி. அவ கை காட்டுதாளா, நிறுத்திட்டாளா? என்னக் காணலன்னு கோவிச்சிக்கிட்டாளா? பதினோரு நாளு பொறுத்தேன். பன்னெண்டா நாளு மத்தியானம் சோறு வடிச்சிட்டு நிக்கேன். கையில கஞ்சிச் சட்டி ஆவி பறக்குது. அப்படியே நடந்து வந்துட்டேன்.

— மூணடி போதும்னு எப்படிக் கணக்குப் பாத்தீங்க?

— சன்னல்ல ஒரு ஆள ஒக்கார வச்சா வேலியில எந்த எடம் மறைக்கும்னு தெரிஞ்சிக்கிட ரெண்டு நாளு ஆச்சு. நாற்காலில சொளக நிறுத்தி வச்சு, வேலிகிட்ட வந்து நின்னு பாத்தேன்.

— ஆத்தா... நான் கத்துக்கிட்ட தொழில் எல்லாம் செடி எப்படிப் பொழைக்கும்ங்கிறதுதான். நீங்க எனக்கே பாடம் சொல்லிட்டீங்க.

— கோவமா தம்பி?

— கோவம் இல்ல. ஆனா என் நெலமையயும் பாத்துக்கிடுங்க. அண்ணாச்சிகிட்ட உங்க பேர எடுக்க மாட்டேன், அது என் பிள்ளைக மேல சத்தியம். ஆனா ஓட்டைய அடைக்காமப் போக முடியாது.

— அடியில சுக்காங்கல்லு கெடக்கு, செடி புடிக்காதுன்னு சொல்லிருங்களேன்.

— ‘மூணு தடவ குழி வெட்டுனியேலே, அப்பக் கல்லு தெரியலயா?’ன்னு கேப்பாவ.

— கேப்பாவ.

— ஒசரம் போகாத செடியா வைக்கட்டுமா? நித்தியகல்யாணி, இடுப்பளவுதான் வரும். பூவும் பூக்கும்.

— ஆளுயரம்னுதானே கேக்காவ. அடுத்த தடவ வந்து பாத்துட்டு உங்களத்தான் வைவாவ.

— அதுவும் சரிதான்.

— நடுங்க தம்பி. உங்க பொழப்பக் கெடுத்துட்டு நான் ரோட்டப் பாக்க வேண்டாம். இனிக் கஞ்சி ஊத்த மாட்டேன். மணி என்ன இருக்கும்?

— அஞ்சேகால் இருக்கும்.

— ஆபீஸ் சங்கு ஊதிருச்சுன்னா அப்ப வந்துருவாளுக. இன்னைக்கு ஒருநாள் மட்டும் பாத்துக்கிடுதேன். அவ கையப் பாத்துட்டேன்னா நீங்க நட்டுருங்க.

— சரிக்கா. அதுவரைக்கும் அந்த மோரக் குடுங்க.

— இந்தாங்க. உப்பு காணுமா?

— காணும். என் வீட்டுக்காரி சீனித்தாய் வாய் ஓயாது பாத்துக்கிடுங்க. எப்படா நிறுத்துவான்னு இருக்கும். போன பங்குனில அவ ஆத்தாவுக்கு முடியலன்னு கயத்தாத்துக்குப் போனா, பத்து நாளு. மூணா நாளு நான் ரோசாப் பதியங்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்கேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் எட்டிப் பாத்துட்டு, ‘யாருகூட அண்ணாச்சி?’ங்கான்.

— பத்து நாளு.

— பத்தே நாளுதான் அக்கா.

— அந்தா! சத்தம் கேக்குதா?

— கேக்குது.

— வாராளுக. இங்கன வாங்க, இந்தப் பக்கமா. முன்னால பாருங்க, பச்சச் சேலை. அவதான்.

— ஆமா, ஒசரந்தான்.

— இப்ப வளைவு திரும்புவா. இப்ப... பாத்தீங்களா? ஒசத்துனாளா இல்லையா?

— ஒசத்துனா.

— சொன்னேம்லா! நான் பொய் சொல்லலல்லா?

— கூப்புடுங்களேன்.

— நானா? ஐயோ, என்னன்னு கூப்புட?

— இன்னைக்கு விட்டா நாளைக்கு வேலிதான் தெரியும். கூப்புடுங்கக்கா.

— சரி தம்பி, கூப்புடுதேன். ஏட்டி... ஏட்டி, பச்சச் சேல! இங்கன, வேலிப் பக்கம் வா!

— ஆத்தாடி! யாரு அது, வேலிக்குள்ள இருந்து கூப்புடுதது?

— நான்தான். வேலுத்தாயி.

— எந்த வேலுத்தாயி? ஆள் தெரியலயே. இவரு உன் வீட்டுக்காரரா? தோட்ட வேலைக்கு வந்திருக்கியளா?

— நான்தாம்மா செடி நட வந்தவன், செல்லத்துரை. இவிய இந்த வீட்டு அம்மா.

— இந்த வீட்ல ஆளு இருக்கா? பருத்திக் குடோன்னுலா சொன்னாங்க! மாசத்துல ஒருநாளு மூட்டை எறக்குவாங்க, கேட்டச் சாத்திட்டுப் போயிருவாங்க. ஏ செம்பகம், நில்லுங்கட்டி, இந்த வீட்ல ஒரு அக்கா இருக்காம்!

— நீ தெனமும் கை காட்டுவியே.

— நானா? யாருக்கு?

— இங்கனதான். வளைவு திரும்புனதும். இந்த வீட்டப் பாத்து.

— ஐயோ அக்கா. அந்த எடத்துல மேக்க திரும்புனதும் வெயில் ஊசியாக் குத்தும்லா? பகல் பூரா தீப்பெட்டி மருந்து நெடியில இருந்து, எனக்குக் கண்ணு தண்ணியா வடியும். அதுக்காகக் கைய ஒசத்தி மறைப்பேன். மத்தவளுக முந்தானைய இழுத்துவிட்டுக்கிடுவாளுக. முன்னால போறவ நான் கண்ண மூடுனா லாரிக்காரன் ஏத்திருவான்.

— வெயிலுக்கா.

— வெயிலுக்குத்தான்.

— மூணு வருசமா?

— இந்த ஆபீஸ்ல சேந்து அஞ்சு வருசமாச்சு அக்கா. என்னக்கா, மொகம் இப்படிப் போச்சு? கோவிச்சிக்காத. உள்ள ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா காட்டியிருக்க மாட்டனா?

— அம்மா, நீ போ. இவிய கொஞ்சம்...

— இருங்க தம்பி. அவகிட்ட ஒண்ணு கேக்கணும். ஏட்டி, நீங்க எல்லாம் இந்த எடம் வந்ததும் சிரிப்பியளே, எதுக்கு?

— அதா? எங்க மேஸ்திரி நடக்கிற நடைய ஒருத்தி நடந்து காட்டுவா. ஆபீஸ் பக்கத்துல செய்ய முடியாது. ஊரு தாண்டி, ஆளே இல்லாத எடமாப் பாத்து இங்கன வந்துதான் செய்வா.

— என்னப் பத்திப் பேச மாட்டியளா?

— உன்னப் பத்தி என்னன்னு பேச?

— என் புருசன் சாத்தூர்ல ஒருத்தியக் கட்டிக்கிட்டதப் பத்தி.

— அக்கா, உன் பேரே இப்பத்தான் தெரியும். உனக்குப் புருசன் இருக்கதே இப்ப நீ சொல்லித்தான் தெரியுது.

— உனக்குத் தெரியாது. வேற ஒருத்திக்கும் தெரியாதா?

— பன்னெண்டு பேர்ல ஒருத்திக்கும் தெரியாது. ஏட்டி, உங்களுக்கு யாருக்காவது இந்த அக்காவத் தெரியுமா? பாத்தியா, தலைய ஆட்டுதாளுக. ரோட்டுல போற யாருக்கு அக்கா அதுக்கெல்லாம் நேரம்? வீட்டுக்குப் போயி ஒல வைக்கணும்.

— யாரும் பாக்கல.

— என்னது?

— ஒண்ணுமில்ல. மூணு வருசமா எல்லாரும் பாக்காகன்னு நெனச்சேன்.

— அக்கா, கண்ணத் தொடைங்க. நான் ஒண்ணு சொல்லுதேன். இந்த ஓட்டைய நான் அடைக்கல. அண்ணாச்சி என்ன வேணும்னாலும் சொல்லட்டும், மானேஜர் பங்களா போனாப் போவுது. எங்கையில நஞ்சுன்னே இருக்கட்டும்.

— இல்ல தம்பி, நடுங்க. நெருக்கமா நடுங்க, அவிய கேட்ட ஆளுயரம் வரட்டும். உங்க கைக்கு ஒரு சொல்லும் வரக்கூடாது. ஏட்டி, உன் பேரு என்ன?

— மாடத்தி.

— மாடத்தி, அவளுகளையும் கொஞ்சம் நிக்கச் சொல்லு. நான் கேட்டு வழியா வாரேன்.